சமையலறைக் காட்சியில் நான் அணைத்த விளக்கு

பிள்ளைகளே, படம் காட்டும் கருவியைப் பற்றி உங்களுக்குச் சொல்லித்தர என்னிடம் ஒன்றும் இல்லை. நான் இரண்டு வாரம் திணறிக் கற்றுக்கொண்டதை நீங்கள் ஒரே மதியத்தில் கற்றுக்கொண்டுவிட்டீர்கள். ஆனால் கருவி மக்கர் செய்யும்போது கீழே உட்கார்ந்திருக்கும் மனிதர்களை என்ன செய்வது என்று எந்தக் கையேட்டிலும் எழுதியிருக்காது. அந்த விஷயத்தில் நான் ஒரு பெரிய தவறு செய்திருக்கிறேன். என் பெண்ணுக்கும் பையனுக்கும் அதைச் சொல்லியிருக்கிறேன். திரையிடும் அறைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கும் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. நான் பத்தாவதோடு நின்றவன். தமிழ் எழுதப் படிக்கக் கற்றதே சர்ச் பாட்டுப் புத்தகத்தில்தான். நடை முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்த மராத்தி ஊரின் கேம்ப் பகுதியில் இருக்கும் நம் அரங்கம் மணிக்கணக்கில் வாடகைக்குப் போவது உங்களுக்குத் தெரியும். மாதத்தின் இரண்டாவது ஞாயிறு காலை தமிழ் வாசகர் வட்டத்துக்கு. ஒரு மாதம் புதிதாக வந்த புத்தகம், மறு மாதம் புதிதாக வந்த படம். படம் முடிந்ததும் டீ, சமோசா. அதற்குப் பிறகு தத்துவ நோக்கில் பேச்சு. கேம்ப் பக்கத்துப் பழைய குடும்பங்கள் வருவார்கள், புறநகரான சிஞ்ச்வட்டிலிருந்து கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் பிள்ளைகள் வருவார்கள். ஓய்வுபெற்ற தத்துவப் பேராசிரியர் ஒருவர் முதல் வரிசையில் உட்கார்ந்திருப்பார்.

புத்தக மாதங்களில் எனக்கு மைக்கையும் மின்விசிறியையும் பார்த்துக்கொள்வதுதான் வேலை. மேலே என் அறைச் சன்னலைத் திறந்துவைத்துக் கேட்டுக்கொண்டிருப்பேன். பாதி புரியாது. புரிந்த பாதியை வீட்டுக்கு எடுத்துப்போவேன். ஒருமுறை ஒரு நாவலைப் பற்றிப் பேசினார்கள். அதில் ஒரு பெரியவர் யாரிடமும் காரணம் சொல்லாமல் வீட்டை விற்றுவிடுகிறார். ஏன் விற்றார் என்று ஒரு மணி நேரம் வாதம். எழுதியவருக்கே போன் போட்டுக் கேட்டார்கள். எனக்கும் தெரியாது என்றார் அவர். உடனே பேராசிரியர், "எழுதி முடித்த பிறகு அவரும் நம்மைப் போல ஒரு வாசகர்தான். அர்த்தம் நம்மிடம் வந்துவிட்டது" என்றார். எல்லாரும் கை தட்டினார்கள். எனக்கும் பிடித்துப்போய், சாப்பாட்டு நேரத்தில் இதை என் மனைவியிடம் சொன்னேன்.

"அப்போ சமைச்சு முடிச்சப்புறம் நானும் உங்களை மாதிரி சாப்பிடறவதானே? உப்பு கூடினா மட்டும் ஏன் என்னைக் கேக்கறீங்க?" என்றாள்.

நான் இன்னொரு கரண்டி சோறு போட்டுக்கொண்டேன்.

இன்னொரு விஷயமும் சொல்லிவிடுகிறேன். எனக்கு வேலை கற்றுக்கொடுத்த ஆபரேட்டர் ஒரு விதி சொல்லியிருந்தார். "படம் போனா ஜனங்க பொறுத்துக்குவாங்க. சத்தம் போனா நாற்காலியை உடைப்பாங்க. என்ன ஆனாலும் சத்தத்தை நிறுத்தாதே." அவர் காலத்துக் கொட்டகைகளில் அது உண்மை. சத்தம் ஓடிக்கொண்டிருந்தால் இருட்டிலும் ஆட்கள் இடத்தைவிட்டு எழ மாட்டார்கள். இந்த ஒரு விதி என்னைப் பல நாள் காப்பாற்றியிருக்கிறது. அதனால்தான் அதை யோசிக்காமல் பயன்படுத்தினேன்.

அந்த ஞாயிறு, வட்டத்திலேயே ஒருவர் எடுத்த படம். பிரபு என்று பெயர், கோயம்புத்தூர்ப் பையன், ஏரவாடாவை ஒட்டிய ஒரு அடுக்குமாடியில் இருந்தார். லீவு நாட்களில் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துச் சேர்த்தது. இன்னும் முழுசாக முடியவில்லை, நாலு பேர் என்ன சொல்கிறார்கள் என்று பார்த்துவிட்டுத் திருத்தப் போகிறேன் என்று சொல்லியிருந்தார். வெள்ளிக்கிழமையே ஒருமுறை ஓட்டிப் பார்த்தேன். நல்ல படம்தான். நடுவில் ஒரு காட்சியில் ஒரு வீட்டுக்கார அம்மா போனில் பேசிக்கொண்டே இருக்கிறார். அந்த நேரத்தில் நான் டீ ஊற்றிக்கொள்ளத் திரும்பினேன். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஞாயிறு காலை அரங்க வாசலில் மூன்று ரிக்‌ஷா வந்து நின்றன. எட்டுப் பெண்கள் இறங்கினார்கள். வீட்டு வேலைக்கும் சமையலுக்கும் போகிறவர்கள், ஏரவாடாத் தமிழர்கள். முன்னால் வந்தவர் பட்டுப்புடவை கட்டியிருந்தார்.

"அண்ணே, நான் எப்ப வருவேன்?" என்று என்னைக் கேட்டார்.

"எங்கம்மா?"

"படத்துலண்ணே. நடிச்சிருக்கேன். சரோஜான்னு பேரு. பிரபு தம்பி வீட்ல சமைக்கிறது நான்தான்."

பின்னால் நின்றவர் சிரித்தார். கலா என்று பெயர், பிறகுதான் தெரிந்துகொண்டேன். "இவ சப்பாத்தி போட்டாளாம், அதை அவங்க படம் எடுத்தாங்களாம். நாலு மாசமா இதே கதைதான்ணே. நம்பலைன்னு சொன்னேன்னு எங்க ஏழு பேரையும் லீவு போட வெச்சு இழுத்துட்டு வந்திருக்கா."

"இன்னிக்குப் பாரு, அப்புறம் பேசு" என்றார் சரோஜா.

"வரும், வரும், உக்காருங்க" என்றேன். எந்த இடத்தில் வருகிறீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அவர்கள் கடைசி வரிசையில், என் சன்னலுக்கு நேர் கீழே உட்கார்ந்துகொண்டார்கள்.

படம் பாதி தாண்டியபோது கருவியில் சிவப்பு விளக்கு எரிந்தது. என் அறையில் ஏசி காலையிலிருந்தே முனகிக்கொண்டிருந்து, அப்போது நின்றேபோயிருந்தது. கருவி கொதித்துக்கொண்டிருந்தது. இன்னும் பத்து நிமிடம் விட்டால் அது தானாகவே அணையும். திரும்ப எரியுமா என்பதற்கு யாரும் பொறுப்பில்லை.

எல்லாவற்றையும் நிறுத்தி, அரங்க விளக்கைப் போட்டு, ஐந்து நிமிடம் கேட்டிருக்க வேண்டும். ஆனால் மதியம் ஒரு மணிக்கு யோகா வகுப்புக்காரர்கள் வருவார்கள், நேரம் தவறினால் மேனேஜரிடம் பேச்சு வாங்க வேண்டும். பழைய விதி கைவசம் இருந்தது. ஒளியை மட்டும் நான்கு நிமிடம் நிறுத்து, சத்தம் ஓடட்டும், கருவி ஆறிவிடும்.

திரையில் அப்போது விடியற்காலை. லோக்கல் ரயில் ஒன்று பனிக்குள்ளிருந்து மெதுவாக ஸ்டேஷனுக்குள் வருகிறது. திறந்த கதவுகள் வழியாக வெயில் உள்ளே நுழைந்து மறுபக்கம் வெளியே போகிறது. அதை அணைக்க எனக்கு மனசு வரவில்லை. கையை வைத்துக்கொண்டு காத்திருந்தேன். ரயில் போனது. சமையலறை வந்தது. வீட்டுக்கார அம்மா போனை எடுத்தார். சரி, இது பேச்சுதானே, காதால் கேட்டால் போதும் என்று நினைத்து அணைத்தேன்.

இருட்டில் அந்த அம்மாவின் குரல் மட்டும் கேட்டது. பாதி இந்தி, பாதி இங்கிலீஷ். இவள் எண்ணெயை வாரிக் கொட்டுகிறாள், ஒன்றாம் தேதியோடு நிறுத்திவிடப் போகிறேன், அட, இங்கேதான் நிற்கிறாள், இவளுக்கு என்ன புரியப்போகிறது என்று யாரிடமோ சொல்கிறார். அடியில் பலகைமேல் பூரிக்கட்டை உருளும் சத்தம். நடுவில் ஒருமுறை அந்தச் சத்தம் நின்றது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி உருண்டது.

அரங்கத்தில் ஒரு விசில் இல்லை, ஒரு முணுமுணுப்பு இல்லை. நான்கு நிமிடம் கழித்து ஒளியைக் கொடுத்தேன். சிவப்பு விளக்கு அணைந்திருந்தது. சமாளித்துவிட்டோம் என்று எனக்கு உள்ளுக்குள் பெருமைகூட வந்தது.

படம் முடிந்ததும் பிரபு படியேறி ஓடிவந்தார்.

"என்ன அங்கிள் பண்ணிட்டீங்க? அந்த சீன்தான் அங்கிள் படமே!"

நடந்ததைச் சொன்னேன். "தப்பு என்னுதுதான் தம்பி. பேச்சு முடிஞ்சதும் அந்த ஒரு காட்சியை மட்டும் திரும்பப் போட்டுடறேன்."

"கண்டிப்பா போடுங்க. சரோஜாக்கா கீழ உக்காந்திருக்காங்க. அவங்களுக்கு அந்த ஒரு சீன்தான்."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. வீட்டுக்கார அம்மா பேசிக்கொண்டே இருக்கும் காட்சியில் பேசாமல் இன்னொருவர் நின்றிருக்கிறார். வெள்ளிக்கிழமை நான் அவரைப் பார்க்கவே இல்லை.

டீ முடிந்தது. பேராசிரியர் மைக்கை வாங்கினார்.

"இந்தப் படத்தின் உச்சம் அந்த இருட்டு" என்று ஆரம்பித்தார். "உழைக்கிறவரை நாம் பார்ப்பதில்லை. இயக்குநர் என்ன செய்கிறார்? அவரைத் திரையிலிருந்தே எடுத்துவிடுகிறார். நம் குருட்டுத்தனத்தை நமக்கே காட்டுகிறார். அந்தக் கட்டையின் சத்தம் நடுவில் நின்றதே, கவனித்தீர்களா? அதுதான் ஒடுக்கப்பட்டவரின் மௌனம். முகத்தைக் காட்டியிருந்தால் இது சாதாரணக் காட்சியாகப் போயிருக்கும்."

கால் மணி நேரம் பேசினார். கைதட்டல் அடங்கவில்லை. மைக் பிரபு கைக்குப் போனது. இப்போது சொல்லிவிடுவார் என்று சன்னலில் குனிந்து பார்த்தேன். அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "அது வந்து சார், ஆடியன்ஸ் எப்படி எடுத்துக்கறாங்களோ அதுதான்" என்றார்.

இரண்டு நிமிடத்தில் என் போனில் அவரிடமிருந்து செய்தி. "அங்கிள், சீன் திரும்பப் போட வேண்டாம். இருட்டு நல்லா ஒர்க் ஆகுது. ஃபைனல்லயும் இப்படியே வெச்சிடலாம்னு பாக்கறேன். யார்கிட்டயும் சொல்லாதீங்க ப்ளீஸ்."

கீழே கடைசி வரிசையில் பேச்சு என் காதில் விழுந்தது.

"ஏண்டி, எங்கடி நீ? லைட்டு போனப்ப வந்துட்டுப் போயிட்டியா?" என்றார் கலா.

"அந்தப் பூரிக்கட்டை சத்தம் நான்தான்" என்றார் சரோஜா, தாழ்ந்த குரலில்.

"அட, பூரிக்கட்டையைக் கேக்கவா பட்டுப்புடவை?"

மற்றவர்கள் சிரித்தார்கள். சரோஜா முந்தானையைச் சரிசெய்துகொண்டார்.

பிள்ளைகளே, இந்த இடத்தில் நான் யோசித்ததைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். படம் பிரபுவுடையது. எதை வைப்பது, எதை எடுப்பது என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. பேராசிரியர் என்னைவிட ஆயிரம் புத்தகம் படித்தவர். திரையிடும் அறைக்காரன் கலந்துரையாடலில் வாய் திறப்பதில்லை; இத்தனை வருடத்தில் நான் ஒருமுறைகூட மைக்கைத் தொட்டதில்லை, சரிபார்க்கத் தொட்டதைத் தவிர. பேசாமல் இருந்தால் மூன்று பேருக்கு நல்லது. பையனுக்குப் பெயர், பேராசிரியருக்கு மரியாதை, எனக்கு வேலை. சரோஜாவுக்கு மட்டும் ஒன்றும் இல்லை. இன்றைக்கு மட்டுமல்ல, இனி அந்தப் படத்தில் என்றைக்குமே அவர் இருக்க மாட்டார். அவரை எடுத்துவிட்டது இயக்குநர் இல்லை, நான். படம் அவருடையது, சரி. இருட்டு என்னுடையது. என் தவறை எடுத்து உங்கள் படத்தில் வைத்துக்கொள்ளுங்கள் என்று நான் அவருக்குக் கொடுக்கவில்லையே.

கீழே இறங்கிப் போனேன். மைக்கைக் கேட்டு வாங்கினேன்.

"ஐயா, நான் மேல மெஷின் பாக்கற துரை. அந்த இருட்டு படத்துல கிடையாது. மெஷின் சூடாயிடுச்சு, நான்தான் அணைச்சேன்" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் முழுசாகச் சொல்லாவிட்டால் சொன்னதாக ஆகாது. "ரயில் காட்சி அழகா இருந்துச்சு, அதை அணைக்க மனசு வரலை. சமையலறை வர்ற வரைக்கும் காத்திருந்து அணைச்சேன். அதுல ஒரு அம்மா நடிச்சிருக்காங்க. அவங்க இங்கதான் உக்காந்திருக்காங்க."

அரங்கத்தில் எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். பிரபு குனிந்து தன் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தார். பேராசிரியர் கையை உயர்த்தினார்.

"துரை, தவறுதலாக நடந்திருக்கலாம். ஆனால் அர்த்தம் அர்த்தம்தானே? இயந்திரமே ஒரு உண்மையைச் சொல்லிவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாமே."

கடைசி வரிசையிலிருந்து சரோஜா எழுந்து நின்றார்.

"சார், தப்பா நினைக்காதீங்க. எனக்குப் பெரிய விஷயமெல்லாம் தெரியாது. என் மூஞ்சியைக் காட்டாம விட்டதுதான் நல்லா இருந்துச்சுன்னு சொல்றீங்களா?"

"அப்படி இல்லையம்மா..." என்று ஆரம்பித்தார் பேராசிரியர்.

"நீங்க இன்னும் பாக்கவே இல்லையே சார்."

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். "போடுங்க துரை. பார்க்காத ஒன்றைப் பற்றிக் கால் மணி நேரம் பேசியிருக்கிறேன்."

நான் பிரபுவைப் பார்த்தேன். படம் அவருடையது, அவர் சொல்லாமல் போட மாட்டேன். அவர் தலை நிமிராமலே, "போடுங்க அங்கிள்" என்றார்.

மணி ஒன்று ஆகிவிட்டது. யோகா வகுப்புக்காரர்கள் பாயைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வாசலை அடைத்து நின்றார்கள். வாட்ச்மேன் காகா என்னை முறைத்தார். "காகா, பாஞ்ச் மினிட்" என்று ஐந்து நிமிடத்துக்குக் கெஞ்சி, அவருடைய மேசை மின்விசிறியையும் வாங்கிக்கொண்டு மேலே ஓடினேன். அதைக் கருவிப் பக்கம் திருப்பிவைத்தேன். அட்டைப்பெட்டி மூடியால் நானும் விசிறினேன். சமையலறையைப் போட்டேன்.

வீட்டுக்கார அம்மா காட்சியின் ஓரத்தில்தான் இருந்தார், முதுகைக் காட்டிக்கொண்டு. திரை முழுக்க சரோஜாவின் முகம். மாவைத் தேய்க்கிறார். ஒன்றாம் தேதியோடு நிறுத்தப்போகிறேன் என்ற வார்த்தை வருகிறது. முகத்தில் ஒரு அசைவும் இல்லை. கை நிற்கிறது. இருட்டில் சத்தம் நின்றதே, அந்த இடம். அவர் தலை குனியவில்லை, கண் கலங்கவில்லை. கையை நீட்டி எண்ணெய்க் குப்பியை எடுக்கிறார். மூடியைத் திறக்கிறார். தோசைக்கல்லில் கிடக்கும் சப்பாத்திமேல் நிதானமாக, தாராளமாக, வட்டமாக ஊற்றுகிறார். குப்பியை வைத்துவிட்டு மறுபடி கட்டையை உருட்டுகிறார்.

முதலில் சிரித்தது வாசலில் நின்ற யோகாக்காரர்கள். அவர்களுக்கு இந்தி நன்றாகப் புரிந்தது. பிறகு அரங்கமே சிரித்தது. பேராசிரியரின் தோளும் குலுங்கியதைப் பார்த்தேன். மௌனம் என்று அவர் சொன்ன இடத்தில் இத்தனை எண்ணெய் இருந்திருக்கிறது.

அரங்க விளக்கு எரிந்தது. கலா சரோஜாவின் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.

"மாவுல தண்ணி ஜாஸ்தி ஆயிடுச்சு. பாரேன், கையில ஒட்டுது" என்றார் சரோஜா.

"மாவை விடுடி. அந்த எண்ணெய் ஊத்தினியே, அது தம்பி சொல்லிக் குடுத்ததா?"

"தம்பி சும்மா மாவு தேய்க்கத்தான் சொன்னாரு. அந்தம்மா அப்படிப் பேசினதும் எனக்கே கை போயிடுச்சு. 'கட்' சொல்லி நிறுத்துவாருன்னு பாத்தேன், சொல்லாம விட்டுட்டாரு."

அதைச் சொல்லும்போது பிரபு பக்கத்தில்தான் நின்றிருந்தார். பேராசிரியரும் கேட்டார். தன் நோட்டில் ஏதோ எழுதினார். என்ன எழுதினார் என்று தெரியாது.

அரங்கத்தைத் தாமதமாகக் கொடுத்ததற்கு மேனேஜர் எனக்கு எழுத்தில் எச்சரிக்கை கொடுத்தார். சரியான எச்சரிக்கைதான். வாங்கிக் கையெழுத்துப் போட்டேன்.

உங்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். சிவப்பு விளக்கு எரிந்தால் எல்லாவற்றையும் நிறுத்துங்கள், சத்தத்தையும் சேர்த்து. அரங்க விளக்கைப் போட்டுவிட்டுக் கீழே போய் என்ன ஆனது என்று சொல்லுங்கள். ஐந்து நிமிடத்தில் யாரும் செத்துப்போக மாட்டார்கள், நாற்காலியையும் உடைக்க மாட்டார்கள். எந்தக் காட்சி போனால் பரவாயில்லை என்று மட்டும் மேலே உட்கார்ந்துகொண்டு நீங்கள் முடிவு செய்யாதீர்கள். நான் முடிவு செய்தபோது என் கை தானாக ரயிலைக் காப்பாற்றிவிட்டுச் சமையலறையைக் கொடுத்தது. அப்படிச் செய் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. வாசலில் யாராவது நான் எப்போது வருவேன் என்று கேட்டால், எந்த இடத்தில் என்று திருப்பிக் கேட்டு எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

அன்றைக்கு எல்லாரும் போன பிறகு பிரபு மேலே வந்தார். கருவியைத் தொட்டுப் பார்த்தார். "அங்கிள், நான் அனுப்பின மெசேஜை அழிச்சிடுங்க" என்றார். அவர் எதிரிலேயே அழித்தேன். அதற்குமேல் நாங்கள் இருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

படம் இப்போது வெளியே வந்துவிட்டது. போனிலேயே பார்க்கலாம். என் மனைவியோடு உட்கார்ந்து பார்த்தேன். சமையலறைக் காட்சி முழுசாக இருக்கிறது. மாவில் தண்ணீர் கொஞ்சம் அதிகம்தான்.